நல்லுயிர் என்னும் சொல்லும் கூண்டு மீனின் நோயும்

புதுச்சொல் ஒன்று தமிழுக்கு வரும்போது அதன் ஒலியை ஆராய்வோர் பலர். அது கொண்டுவரும் தீர்ப்பை ஆராய்வோர் சிலர். உணவு, மருத்துவம், மீன் வளர்ப்பு ஆகிய துறைகளில் இன்று பெருவழக்காகிவிட்ட 'புரோபயாட்டிக்' என்னும் சொல் அத்தகைய ஆராய்ச்சிக்கு உரியது. தமிழில் எழுதுவோர் இதனை 'நல்லுயிர்' என்றும், 'நன்னுண்ணுயிரி' என்றும், 'நன்மை செய்யும் பாக்டீரியா' என்றும் பலவாறு பெயர்க்கின்றனர். எல்லாவற்றிலும் நன்மை என்னும் அடை தவறாமல் நிற்கிறது. பொருளின் பெயரிலேயே அதைப் பற்றிய முடிவும் அடங்கிவிட்டால், பிறகு ஆராய்வதற்கு என்ன இருக்கிறது? இந்த ஐயத்தைப் பினாங்குக் கடலில் கூண்டில் வளரும் மீனை வைத்துத் தீர்த்துக்கொள்வது தகும். அங்கே ஒரு சொல்லின் பிழை, ஒரு குடும்பத்தின் பிழைப்பையே தொட்டுவிடுகிறது.

சொல் வந்த வழி

நுண்ணுயிர் மனிதனுக்கு நலம் செய்யவும் கூடும் என்னும் எண்ணத்தை மேனாட்டில் பரப்பியவர் இலியா மெச்னிக்காவ். ருசியப் பேரரசில் பிறந்து, பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றி, 1908இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்ற விஞ்ஞானி அவர். புளித்த பாலில் உள்ள நுண்ணுயிர்கள் குடலில் தங்கி, அங்கு நிகழும் அழுகலைத் தடுத்து, வாழ்நாளை நீட்டும் என்பது அவர் கொள்கை. ஆயினும் 'புரோபயாட்டிக்' என்னும் சொல்லை அவர் வழங்கினார் அல்லர்.

அச்சொல்லை 1965இல் லில்லி, ஸ்டில்வெல் என்னும் இருவர் விஞ்ஞான இதழொன்றில் ஆண்டனர். ஒரு நுண்ணுயிர் சுரந்து மற்றொன்றின் வளர்ச்சியைத் தூண்டும் பொருளுக்கு அவர்கள் இட்ட பெயர் அது. 'ஆன்டிபயாட்டிக்' என்பதற்கு எதிர்ச்சொல்லாக அது நின்றது. 1974இல் பார்க்கர் என்பவர் சுரக்கும் பொருளோடு உயிரையும் அதில் சேர்த்தார். 1989இல் புல்லர், பொருளை நீக்கி, தீவனத்தோடு உயிருடன் தரும் நுண்ணுயிரையே அது குறிக்கும் என வரையறுத்தார். 2001இல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் நிறுவனமும் உலகச் சுகாதார நிறுவனமும் கூட்டிய அறிஞர் குழு இன்றைய இலக்கணத்தை வகுத்தது. உயிரோடு இருத்தல் வேண்டும். போதிய அளவில் தரப்படுதல் வேண்டும். பெறுகின்ற உயிருக்கு அதனால் நலம் விளைதல் வேண்டும். இம்மூன்றும் பொருந்தினால்தான் அப்பெயர் பொருந்தும்.

ஈண்டு இரண்டு செய்திகள் நோக்கத்தக்கன. முதலாவது, 24 ஆண்டுகளுக்குள் ஒரு சொல் சுரப்புப் பொருளிலிருந்து உயிருக்கே தாவிவிட்டது. இரண்டாவது, அதன் மூலத்தில் 'நல்ல' என்னும் பொருளே இல்லை. 'உயிருக்குச் சார்பாக' என்பதே அதன் பொருள். நன்மை என்னும் அடை நாம் சேர்த்தது. சேர்த்த அளவில் மூன்று நிபந்தனைகளும் உதிர்ந்துவிட்டன. உயிரோடு உள்ளதா, அளவு போதுமா, யாருக்கு நலம் என்னும் கேள்விகள் 'நல்லுயிர்' என்று சொன்ன மாத்திரத்தில் வாயடைத்துப் போகின்றன.

பினாங்குக் கூண்டுகள்

பினாங்குத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே ஜெரெஜாக் தீவு கிடக்கிறது. தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்த தமிழ்த் தொழிலாளர்களை நோய்க்கு அஞ்சி இறக்கித் தடுத்துவைத்த தீவுகளுள் அதுவும் ஒன்று. இன்று அதனை அடுத்த கடலிலும், செபராங் பிறை பக்கத்தில் அமான் தீவைச் சூழ்ந்த கடலிலும் மிதவைக் கூண்டுகள் காணப்படுகின்றன. மரச்சட்டங்களை மிதவைகளின்மேல் கட்டி, அவற்றிலிருந்து வலைகளைத் தொங்கவிட்டு, அவற்றுள் மீன் வளர்க்கின்றனர். சியாக்காப் என்று மலாய்க்காரரும் கொடுவா என்று தமிழரும் அழைக்கும் மீன் அங்கு முதன்மையானது. கெராப்பு எனப்படும் களவாவும், செம்மீன் வகைகளும் உண்டு. 1970களிலேயே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுவா தியா எங், தெங் செங் கே ஆகியோர் மிதவைக் கூண்டில் களவா வளர்ப்பதை ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டனர். மீன்வள ஆய்வு நிலையமும், தேசிய மீன்நல ஆய்வுப் பிரிவும், 'வேர்ல்டுபிஷ்' என்னும் அனைத்துலக ஆய்வு நிறுவனத்தின் தலைமையகமும் இத்தீவின் பத்து மாவுங்கில் அமைந்துள்ளன. ஆகவே, இப்பொருள் பினாங்குக்கு அயலானது அன்று.

கூண்டு மீனுக்கு வரும் பாக்டீரியா நோய்களுள் பெரிது 'விப்ரியோ' என்னும் இனத்தால் வருவது. மீன் இரை எடுக்காது, உடல் கறுக்கும், துடுப்பு அரிக்கும், தோலில் புண் தோன்றும், இரத்தம் கசிந்த சிவப்புத் திட்டுகள் எழும். குஞ்சுகளை வாங்கிவந்து கூண்டில் விட்ட முதல் வாரங்களில்தான் பேரிழப்பு நேர்வது வழக்கம். காரணம் யாதெனின், விப்ரியோ எங்கிருந்தோ வந்த பகைவன் அன்று. வெப்பமான கடல்நீரின் பழங்குடி அது. நல்ல கடலிலும் உண்டு. நலமுள்ள மீனின் குடலிலும் உண்டு. நெடும்பயணம், நெருக்கம், வலை உராய்ந்த காயம், ஒட்டுண்ணியின் கடி ஆகியவற்றால் மீன் தளர்ந்த வேளையில் அது நோயாக மாறுகிறது.

மருந்தின் தோல்வி

இந்நோய்க்கு முதலில் கண்ட தீர்வு ஆன்டிபயாட்டிக் மருந்து. தீவனத்தில் கலந்து கொடுப்பது அதன் முறை. ஆனால், நோயுற்ற மீன் உண்பதில்லை. மருந்தை உண்பது நோயில்லாத மீன்; எஞ்சியது வலையின் கண்வழியே இறங்கிக் கடலடிக்குப் போகிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அம்மருந்துக்குப் பழகி, அதனைத் தாங்கும் ஆற்றலைப் பெறுகின்றன. பெற்ற ஆற்றலை ஓரினம் வேறோரினத்துக்கு வழங்கவும் வல்லது. அவ்வாறு மீனின் நோய்க்கிருமியிலிருந்து மனிதனின் நோய்க்கிருமிக்கு அது சென்று சேரக் கூடும். 2001, 2002ஆம் ஆண்டுகளில் ஆசிய நாடுகளிலிருந்து சென்ற இறாலில் குளோராம்பெனிகால் மருந்தின் எச்சம் காணப்பட்டு, ஐரோப்பிய நாடுகள் சரக்கைத் தடுத்த செய்தி வாணிகர்க்கு இன்னும் மறவாது. மருந்து கைவிடத்தக்கது என்னும் முடிவில் அறிஞர்களிடையே வேற்றுமை குறைவு. அவ்விடத்தில் எதனை வைப்பது என்னும் வினாவுக்கு விடையாகத்தான் நல்லுயிர் வந்தது.

நல்லுயிர் செய்யும் வேலை

இவ்வுயிர்கள் நோயைத் தடுக்கும் வழிகள் சில அறியப்பட்டுள்ளன. குடற்சுவரில் நோய்க்கிருமி பற்றவேண்டிய இடத்தைத் தாமே முன்னதாகப் பற்றிக்கொள்வது ஒன்று. இரும்பு முதலான சத்துகளை முந்திக் கவர்ந்துகொள்வது மற்றொன்று. கிருமியை அடக்கும் அமிலத்தையோ வேறு பொருளையோ சுரப்பது மூன்றாவது. மீனின் இயற்கைத் தற்காப்பைத் தூண்டுவது நான்காவது. கிருமிகள் தம்முள் வேதிக் குறிகளால் பேசிக்கொண்டு, தொகை பெருகிய பின்னரே நஞ்சைச் சுரக்கும் இயல்புடையன. அப்பேச்சைக் குலைப்பது ஐந்தாவது.

சான்றுகளும் இல்லாமற் போகவில்லை. 1986இல் ஜப்பானியரான கொசாசா, ஒருவகைப் பேசில்லஸின் வித்துகளை வளர்ப்பு மீனின் தீவனத்தில் சேர்த்துப் பயன் கண்டதாக எழுதினார். மீன் வளர்ப்பில் இத்துறையின் தொடக்கமாக அதனையே பலரும் சுட்டுவர். 1994இல் பிரான்சு நாட்டு கேட்சூப், தயிர்க்கிருமியின் இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிரை நுண்ணிய இரையுயிர்களுக்கு ஊட்டி, அவ்விரையைக் கடல்மீனின் இளங்குஞ்சுகளுக்குக் கொடுத்தார். அக்குஞ்சுகள் விப்ரியோவை மிகுதியாகத் தாங்கின. 2009இல் தைவானில் களவா மீனுக்கு லாக்டோபேசில்லஸ் ஊட்டிய ஆராய்ச்சியாளர், வளர்ச்சியும் நோய் தாங்கும் திறனும் கூடியதை வெளியிட்டனர். இவற்றைப் பொய்யென்று தள்ளுவது அறிவுடைமை ஆகாது.

சான்றின் எல்லை

ஆயினும், சான்று எவ்வளவு தூரம் செல்லும் என்று அளப்பது திறனாய்வின் கடமை. இதற்குத் தக்க எடுத்துக்காட்டு டென்மார்க்கில் கிராம் என்னும் அம்மையாரும் தோழர்களும் செய்த இரு சோதனைகள். கொடுவாவின் ஆப்பிரிக்க உறவான நைல் கொடுவாவிலிருந்து அவர்கள் ஒரு சூடோமோனாஸ் வகையைப் பிரித்தெடுத்தனர். 1999இல் வெளியான சோதனையில், விப்ரியோ தாக்கிய வானவில் டிரவுட் மீன்களுள் அவ்வுயிரைப் பெறாதவை 7 நாளில் நூற்றுக்கு 47 மடிந்தன; பெற்றவை 25 மடிந்தன. இது வெற்றியே. பிறகு அதே உயிரைச் சால்மன் மீனின் வேறொரு நோய்க்குப் பயன்படுத்தினர். கண்ணாடித் தட்டில் அந்நோயின் கிருமியை அது நன்றாக அடக்கியது. மீனிலோ எந்தக் காப்பும் கிட்டவில்லை. 2001இல் அச்செய்தியை மறைக்காமல், கட்டுரையின் தலைப்பிலேயே வைத்து வெளியிட்டனர். தட்டில் வென்றது தண்ணீரில் வெல்லும் என்பதற்கு உறுதி இல்லை என்னும் பாடத்தை இதனினும் தெளிவாகக் கற்பிக்க இயலாது. தம் தோல்வியைத் தாமே எழுதிய அந்த நேர்மை, சந்தையில் விற்கும் பொட்டலத்தின் மேலுறையில் காணக்கிடைப்பதன்று.

மற்றொரு செய்தி இன்னும் வியப்பானது. விப்ரியோ ஆல்ஜினோலிட்டிகஸ் என்பது பல கடல்மீன்களுக்கு நோய் தரும் கிருமியாக நூல்களில் எண்ணப்படுகிறது. ஆனால், 1995இல் ஆஸ்டினும் அவருடன் உழைத்தோரும் அதே இனத்தின் ஒரு கிளையைச் சால்மன் மீனுக்குத் துணையாக்கி, மூவகை நோய்களால் வரும் சாவைக் குறைத்துக் காட்டினர். இனம் ஒன்று, ஓரிடத்தில் நோய், மற்றோரிடத்தில் காவல்.

தமிழாசிரியர்க்கு இது புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. 'நாடு' என்னும் சொல்லின் ஈற்றில் நிற்கும் உகரம் குறுகி ஒலிக்கிறது. 'நடு' என்பதன் ஈற்றில் நிற்கும் உகரம் குறுகுவதில்லை. எழுத்து ஒன்றுதான். முன்னே நெடில் நிற்கிறதா, தனிக்குறில் நிற்கிறதா என்பதே அதன் மாத்திரையை முடிவு செய்கிறது. குற்றியலுகரத்தைச் சார்பெழுத்து என்று நம் இலக்கணிகள் வைத்ததன் நுட்பம் அதுவே. நுண்ணுயிரின் நன்மையும் அவ்வாறே சார்ந்து வருவது. மீன், வயது, நீர், வெப்பம், அளவு ஆகியவற்றைச் சாராமல் தனித்து நிற்கும் நன்மை அதற்கு இல்லை. 'நல்லுயிர்' என்னும் பண்புத்தொகையோ நன்மையை அவ்வுயிரின் பிறவிக் குணம் ஆக்கிவிடுகிறது.

தயிர்க்கலமும் கடலும்

இப்பொருளை விளக்குவோர் விரும்பிக் கையாளும் உவமை உறைமோர். காய்ச்சி ஆறிய பாலில் சிறிது மோர் இட்டால் விடிவதற்குள் கலம் முழுதும் தயிராகிறது. அதுபோல நல்லுயிர் மீனின் குடலைத் தன்வயமாக்கும் என்பர். உவமை இனியது, ஆனால் முதன்மையான இடத்தில் பொருந்தவில்லை. காய்ச்சிய பாலில் போட்டிக்கு வேறு உயிர் அநேகமாக இல்லை. கலத்துக்கு மூடியும் உண்டு. கடல்மீனின் நிலை வேறு. உப்பு நீரில் வாழ்வதால் அதன் உடல்நீர் வெளியேறிக்கொண்டே இருக்கும். அதனை ஈடுசெய்யக் கடல்நீரைக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு விழுங்கிலும் புதிய நுண்ணுயிர்கள் குடலுக்குள் நுழைகின்றன. தீவனத்தோடு தந்த உயிரோ, தருவதை நிறுத்தினால் பெரும்பாலும் சின்னாளில் குறைந்து மறைகிறது. அது குடியேறியவன் அன்று, வழிப்போக்கன்.

நீரில் ஊற்றும் முறைக்கும் இவ்வேறுபாடு உண்டு. இறால் குளத்தில் நீர் தேங்கி நிற்பதால் பேசில்லஸை அதில் பெருக்கலாம். 1998இல் மோரியார்ட்டி என்பவர் ஒளிவிடும் விப்ரியோவைக் குளத்தில் அவ்வாறு அடக்கிய செய்தியை வெளியிட்டார். கூண்டிலோ ஏற்றமும் வற்றமும் நீரை நாள்தோறும் மாற்றுகின்றன. கூண்டைச் சுற்றி ஊற்றிய உயிர் கடலுக்குக் கொடுத்த காணிக்கையாகும். குளத்தில் மெய்யானதைக் கூண்டுக்கும் மெய்யென்று எழுதுவது, பாலைத்திணையின் முதற்பொருளை நெய்தலுக்கு உரைப்பது போன்ற வழு.

அவ்வாறாயின் இவ்வுயிர்க்கு உரிய இடம் எது? குஞ்சு பொரிப்பகமே ஆகும். அங்கே தொட்டி உண்டு, நீரைக் கட்டுப்படுத்தலாம், இளங்குஞ்சின் குடலில் நுண்ணுயிர்க் குடும்பம் இன்னும் நிலைபெறவில்லை. அந்த வயதில் தற்காப்பு முதிராமையால் தடுப்பூசியும் பயன்படாது. வேறு கருவி இல்லாத அவ்விடத்தில் இது உண்மையான கருவி. கூண்டில் வளர்ந்த மீனுக்கும் தீவனம் வழியே ஓரளவு துணை செய்யலாம். ஆனால், கழிவு மீனை வெட்டிப் போடும் கூண்டில் அந்த அளவையும் கணக்கிட்டு ஊட்டுவது கடினம்.

நார்வே கற்பித்த பாடம்

மருந்தைக் கைவிட்டுக் கடல்மீன் வளர்க்க முடியுமா என்போர்க்கு நார்வே விடையளித்துள்ளது. 1987இல் அந்நாடு தன் மீன் பண்ணைகளுக்கு ஏறக்குறைய 50 டன் ஆன்டிபயாட்டிக் மருந்தைச் செலவிட்டது. இன்று அங்கு விளையும் மீன் ஆண்டுக்குப் பத்து இலட்சம் டன்னுக்கும் மேல். மருந்தின் செலவோ பழைய அளவின் மிகச் சிறு பங்கு. இம்மாற்றத்தை நல்லுயிரின் வெற்றியாகக் கூறுவார் உண்டாயின், அது பிழை. தடுப்பூசியே அங்கு முதன்மைக் காரணம். பண்ணைகளை ஒன்றுக்கொன்று தூரத்தில் வைத்ததும், ஓரிடத்தில் ஒரே வயதுடைய மீனை மட்டும் வளர்த்ததும், அறுவடைக்குப் பின் அவ்விடத்தை ஓய்வில் விட்டதும் துணைக் காரணங்கள். மலேசியாவிலும் புத்ரா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் தீவனத்தோடு ஊட்டும் மீன் தடுப்பு மருந்துகளை ஆராய்ந்து வந்துள்ளனர். ஒரு கருவியின் புகழை மற்றொன்றுக்குச் சூட்டுவது, இரண்டிற்கும் செய்யும் அநீதி.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் ஈண்டு நினைவுக்கு வருகிறது. நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து உதவுபவன் என்னும் நான்கையும் சேர்த்தே மருத்துவம் என்கிறார் வள்ளுவர். மருந்து அவற்றுள் ஒன்றே. நோயை அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, தணிக்கும் வழியை அறிந்த பிறகே செயல் என்பதும் அவர் வைத்த வரிசை. கூண்டில் மீன் சாகும்போது அவ்வரிசை தலைகீழாகிறது. நோய் பாக்டீரியாவா, வைரசா, ஒட்டுண்ணியா என்று அறியுமுன் பொட்டலம் அவிழ்க்கப்படுகிறது. உடனிருந்து உதவுபவன், அதாவது வலையைத் துலக்கி, செத்த மீனை உடனே அகற்றி, நெருக்கத்தைக் குறைக்கும் தொழிலாளி, கணக்கிலேயே வருவதில்லை.

பொட்டலத்தின் மீதும் ஒரு சொல் வேண்டும். பல நாடுகளில் சந்தைப் பொருள்களை ஆராய்ந்தபோது, உறையில் எழுதிய உயிரும் எண்ணிக்கையும் உள்ளே இருந்தவற்றோடு ஒவ்வாமை காணப்பட்டதுண்டு. வெயிலில் கிடந்த பொட்டலத்தில் இறந்த உயிர் இருந்தால், அப்பெயருக்குரிய முதல் நிபந்தனையே போயிற்று. மருந்தைத் தாங்கும் ஆற்றலைத் தன்னுள் சுமந்த ஓர் உயிரைக் கடலில் விட்டால், எந்தத் தீமையைத் தவிர்க்க வந்ததோ அதனையே பரப்பியதாகும். இச்சோதனை செய்யாத ஒன்றைப் பெயரை மட்டும் நம்பி 'நல்லது' என்பது எவ்வாறு பொருந்தும்?

வேண்டும் சொல்

ஆகவே, தமிழில் இதற்கு எப்பெயர் தகும் என்னும் கேள்வி எஞ்சுகிறது. பிறமொழிச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு இசைய மாற்றி ஏற்கத் தொல்காப்பியர் வடசொல்லை வைத்து வழி காட்டியுள்ளார். மீன் வளர்ப்போர் வழங்கும் 'புரோபயாட்டிக்' என்பதையே வைத்துக்கொள்வதில் இழுக்கு இல்லை. அச்சொல் தன்னளவில் எதையும் புகழவில்லை. வகுப்பறைக்குத் தமிழ்ச்சொல் வேண்டும் எனின், 'துணையுயிர்' என்பது 'நல்லுயிர்' என்பதினும் ஏற்றது. 'துணை' உறவைச் சுட்டும் சொல். சொன்னவுடன் யாருக்குத் துணை, எதற்குத் துணை, எதுவரை துணை என்னும் வினாக்கள் தாமே எழும். 'துணை' போதாதவிடத்து வேறு முதன்மை உதவி வேண்டும் என்னும் குறிப்பும் அதனுள் உண்டு. உயிருக்குச் சார்பாக என்னும் மூலப்பொருளுக்கும் அது அணுக்கமானது.

சொல்லை மாற்றினால் மீன் பிழைத்துவிடுமா என்று கேட்கலாம். பிழைக்காது. ஆனால், செபராங் பிறைக் கடலோரப் பள்ளியில் இன்று பயிலும் மாணவன் ஒருவன் நாளை கூண்டு வைத்திருப்பான். அல்லது அக்கூண்டு மீனை ஜார்ஜ் டவுன் சந்தையில் விலைகொடுத்து வாங்குவான். ஒரு பொட்டலம் அவன் முன் நீட்டப்படும்போது, இது எந்த உயிர், உயிரோடுதான் இருக்கிறதா, எவ்வளவு, எந்த மீனுக்கு, எந்த நோய்க்கு, தட்டில் சோதித்ததா கடலில் சோதித்ததா என்று அவன் கேட்க வேண்டும். கேட்கும் பழக்கத்தை ஒரு சொல் வளர்க்கவும் கூடும், அவிக்கவும் கூடும்.

முன்னாளில் ஜெரெஜாக் தீவில் மனிதரைத் தடுத்துவைத்த முறையில் கொடுமை மிகுந்திருந்தது. ஆயினும், புதிதாக வந்த உயிரைச் சில நாள் தனியே வைத்துப் பார்க்க வேண்டும் என்னும் நோயறிவு அதனுள் இருந்தது. வெளியிலிருந்து வாங்கிவரும் மீன்குஞ்சுக்கு அம்முறை இன்றும் வேண்டும். பொட்டலத்தில் வரும் உயிருக்கும் வேண்டும். அதனைச் சுமந்துவரும் சொல்லுக்கும் வேண்டும்.